ஐந்து மணி மேடு

இணையம் இழுத்தால் மனிதர்கள் கோபப்படுவது கோகிலவாணிக்குப் பழகிப்போயிருந்தது. அந்தக் கோபத்தைக் கேட்பதற்குத்தான் சம்பளமே. விரைவலை நிறுவனத்தின் கோயம்புத்தூர் அலுவலகத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு "புரியுதுங்க, கஷ்டம்தானுங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வரும் பால்காரரிடம்கூட அதே குரலில் பேசும்படி ஆகிவிட்டாள். ஆனால் போத்தனூரிலிருந்து கூப்பிட்ட ஜெசிந்தா கோபப்படவில்லை. கோபப்படுகிறவர்களைச் சமாளித்துவிடலாம். கோபப்படாதவர்களுக்குப் பதில் வேண்டும்.

ஜெசிந்தா இணையத்தில் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுப்பவள். சாயங்காலம் ஐந்து மணிக்கு வகுப்பு. நேரம் பார்த்தாற்போல் அப்போதுதான் இணைப்பு இழுக்கிறது. பிள்ளை நகர்த்திய காய் இவள் திரையில் வந்து சேர்வதற்குள் கடிகாரம் ஓடிப்போகிறது. அவளே வழித்தடச் சோதனையும் ஓட்டிப் பார்த்திருந்தாள். தன் கணினியிலிருந்து கிளம்பும் தகவல் எந்தெந்த முகவரிகளைத் தாண்டிப் போகிறது என்று வரிசையாகக் காட்டும் சோதனை அது. நடுவில் ஒரு முகவரி பத்து என்ற எண்ணில் தொடங்கியது.

"பத்துல ஆரம்பிக்கிறது வீட்டுக்குள்ள, ஆபீசுக்குள்ள வச்சுக்கற தனி முகவரி இல்லீங்களா மேடம்? அது எப்படி நடு வழியில வருது? அந்த எடத்துலதான் தாமதமாகுது."

கோகிலவாணி நகத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். தினம் நாலு பேராவது கேட்கும் கேள்வி.

"வருமுங்க, தப்பில்லீங்க. எங்க கம்பெனி உள்ளுக்குள்ள வச்சிருக்கற நெம்பர் அது. ஒவ்வொரு தெருவுலயும் நாலாம் நெம்பர் வீடு இருக்குதல்லங்க, அந்த மாதிரி. அந்தத் தெருக்காரங்களுக்கு அது போதும். வெளிய இருந்து வெறும் நாலாம் நெம்பர்னு தேடுனா ஊரூருக்கும் இருக்கும். அதை வச்சு இன்ன வீடுன்னு சொல்ல முடியாதுங்க."

ஜெசிந்தா நன்றி சொல்லி வைத்தாள். புகாரைப் பதிந்துகொள்ளும்போதுதான் கோகிலவாணி அந்த முகவரியைச் சரியாகப் பார்த்தாள். 10.4.0.23. அந்த எண் அவளுக்குப் புதிதல்ல. அமைதி இல்லத்தில், நான்காம் வார்டில், இருபத்து மூன்றாம் கட்டிலின் தலைமாட்டில் மஞ்சள் பிளாஸ்டிக் அட்டையில் அதே எண் தொங்குகிறது. அந்தக் கட்டிலில் படுத்திருப்பவர் அவளுடைய கணவர் மகுடேஸ்வரன்.

உயிர்க்கணு என்றால் என்ன என்று நாட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எந்தத் தகவல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று நொடிக்குக் கோடி முறை முடிவெடுக்கும் இயந்திரங்களுக்கு ஒரு சிறிய ஊருக்கு வேண்டிய மின்சாரம் தேவைப்பட்டது. அதே வேலையை ஒரு மனித மூளை கொஞ்சம் குளுகோஸை வாங்கிக்கொண்டு செய்துவிடும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். நினைவு போய்விட்டது, இனித் திரும்பாது என்று மருத்துவர்கள் சான்று தந்தவர்களை மட்டும் சேர்க்கலாம் என்று சட்டம் வந்தது. வீட்டார் கையெழுத்துப் போட்டால் கம்பெனி தன் அமைதி இல்லத்தில் வைத்து மூச்சு முதல் மூத்திரம் வரை பார்த்துக்கொள்ளும், இலவசமாக. பதிலுக்கு ஊரின் சினிமாவும் கல்யாண வீடியோவும் காதலும் சண்டையும் அந்தத் தலை வழியாகப் போகும். சட்டம் இதைத் தானம் என்கிறது. வந்த புதிதில் டிவியில் எல்லோரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். பிறகு இணைய வேகம் இரட்டிப்பானது. கத்தியவர்களின் வீடியோக்களும் தடங்கலில்லாமல் ஓடின. அதோடு சரி.

மகுடேஸ்வரன் பம்ப் மெக்கானிக். ஒரு தோட்டத்துக் கிணற்றில் மோட்டாரைத் தூக்க இறங்கியபோது கயிறு நழுவி, தலை பாறையில் அடிபட்டது. அதற்கு முன்பு அவர் வாய் ஓயாத மனிதர். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் குலதெய்வம் எது என்பதுவரை விசாரித்துவிட்டுத்தான் இறங்குவார். ஆனால் படுக்கப் போய்விட்டால் சின்னச் சத்தம் ஆகாது. போன் லேசாக அதிர்ந்தாலே எழுந்து உட்கார்ந்துகொள்வார் என்பதால், இரண்டு பேருடைய போனையும் அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டுத்தான் படுப்பார். காலையில் கோகிலவாணி போனை எடுத்து அரிசி மாவைத் துடைத்துவிட்டுப் பேச வேண்டும். அதற்காக எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறாள்.

அவர் உயிர்க்கணு ஆன முதல் வருடம், தினமும் பார்வை நேரத்தில் போய்ப் பேசினாள். ஐந்திலிருந்து ஆறு வரை விடுவார்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் யாருக்கும் அனுமதி இல்லை. அன்று கழுவிச் சுத்தம் செய்வார்கள், எல்லா ஊர் இல்லங்களிலும் அதுதான் வழக்கம். பேசிப் பேசி, சுவரோடு பேசுகிறோம் என்று ஒருநாள் அலுத்துவிட்டது. அதற்குப் பிறகு கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து தன் போனைப் பார்த்துவிட்டு வருவதோடு நின்றது. யாருடைய தலை வழியாகவோ வரும் சமையல் குறிப்புகளைத்தான் அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நினைப்பு அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

ஜெசிந்தாவின் புகாரை அவள் மேலே அனுப்பவில்லை. 'வாடிக்கையாளர் வீட்டு வைஃபை கோளாறு' என்று போட்டு முடித்துவிட்டாள். டீ குடிக்கப் போகும்போது ஜாபரைப் பிடித்தாள். ஜாபர் பிணையப் பிரிவில் பொறியாளர். அவளைவிட வயதில் சின்னவன், வாய் நிறைய அக்கா என்பான். பொதுவாகக் கேட்பதுபோல், உயிர்க்கணு ஒன்று தினமும் குறிப்பிட்ட நேரத்தில் தாமதமானால் என்ன அர்த்தம் என்று கேட்டாள்.

"நெனப்பு இல்லாத மூளைதானுங்கக்கா நல்ல ரோடு," என்றான் ஜாபர். "நெனப்பு வந்துருச்சுன்னா நடு ரோட்டுல கூட்டம் கூடுன மாதிரி. வண்டி நின்னு நின்னுதான் போகும்."

"அப்படி எங்காச்சும் ஆயிருக்குதா?"

ஜாபர் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "ஒருக்கா ஆச்சு. எந்த ஊருன்னு கேக்காதீங்க. மருந்தக் கூட்டிப் போட்டாங்க, ரோடு சரியாயிருச்சு."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டால் ஏன் கேட்கிறாள் என்று அவன் யோசிப்பான். இருபத்து மூன்றாம் கட்டில் விழித்திருக்கிறது என்று வெளியே தெரிந்தால், அந்த ஆளை மருந்தில் அமுக்கிவிடுவார்கள்.

தன் மேசைக் கணினியில் ஒரு சின்ன நிரலை ஓடவிட்டாள். அது நொடிக்கு ஒரு தடவை அந்த முகவரியைத் தட்டிப் பார்த்து, எவ்வளவு தாமதமாகப் பதில் வருகிறது என்று கோடு போட்டு வைக்கும். நாலு மணிக்கு ஷிப்ட் முடிந்து இல்லத்துக்குப் போய்விட்டு, மறுநாள் காலையில் வந்து பார்த்தாள். கோடு நாளெல்லாம் சமதரையாகப் போயிற்று. ஐந்து மணிக்கு ஒரு மேடு. ஆறு மணிக்கு மறுபடி சமதரை. அடுத்த நாளும் மேடு. செவ்வாய்க்கிழமை மேடு இல்லை. புதன்கிழமை மறுபடி எழுந்து நின்றது.

நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாலும் இவருக்குத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டாள். அலுவலகக் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். சந்தோஷ அழுகைதான். வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாருக்கோ "புரியுதுங்க, கஷ்டம்தானுங்க" என்றாள்.

அன்று முதல் மறுபடியும் பேச ஆரம்பித்தாள். மொட்டை மாடித் தொட்டி ஒழுகுவதைச் சொன்னாள். எதிர் வீட்டுக்காரர் புதுப் பம்ப் வாங்கி ஏமாந்ததைச் சொன்னாள். நர்ஸ்கள் பார்த்துச் சிரித்தார்கள், சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். காலையில் வந்ததும் முதல் வேலை மேட்டைப் பார்ப்பது. அவருடைய டூல்ஸ் பெட்டியை விற்றுவிட்டதைச் சொன்ன நாளில் மேடு உயரமாக இருந்தது. கோபம் வந்துவிட்டது மனிதருக்கு. மறுநாள் போய்ச் சமாதானம் சொன்னாள், மேடு தணிந்திருந்தது. எந்த மேட்டுக்கும் அவளிடம் ஒரு காரணம் இருந்தது. ஆசை கண்ணை மறைக்கும்போது மனிதர்கள் இப்படித்தான் தேர்ந்த ஜோசியர்கள் ஆகிவிடுகிறார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல். நாத்தனார் சத்தியபாமாவைக் கூப்பிட்டு, நீயாவது இன்றைக்குப் போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வா என்று சொன்னாள். பொழுது சாய்ந்ததும் போன் போட்டு விசாரித்தாள். போனேன் அண்ணி, அண்ணன் அப்படியேதான் இருக்கிறார் என்றாள் பாமா. காய்ச்சல் விட்டு வேலைக்கு வந்தபோது பார்த்தாள்; வெள்ளிக்கிழமை மேடு சரியாக இருந்தது. தங்கச்சி வந்ததும் தெரிந்திருக்கிறது. இனி எந்த டாக்டர் என்ன சான்று கொடுத்தாலும் அவள் நம்பத் தயாராக இல்லை.

சந்தோஷம் இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. ஐந்து மணிக்குக் கேட்கிறவர் மற்ற நேரத்தில் எங்கே போவார்? விழித்துக்கொண்டுதானே கிடப்பார்? போன் அதிர்ந்தால் எழுந்து உட்காரும் மனிதரின் தலை வழியாக ஊரே கத்திக்கொண்டு போகிறது. கைகால் அசைக்க முடியாமல், அரிசி டப்பாவும் இல்லாமல். பக்கத்து வீட்டில் டிவி ஓடினால்கூட எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். வாடிக்கையாளர்கள் படம் நின்று நின்று வருகிறது என்று சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உயிர்க்கணு ஒப்பந்தத்தை வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கவில்லை என்றால் இணைப்பை எடுத்துவிடுவார்கள். இணைப்போடு சேர்ந்த இயந்திரம்தான் அவருக்கு மூச்சும் கொடுக்கிறது. அதை எடுத்த பிறகு என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த வருடம் கையெழுத்துப் போடுவதில்லை என்று கோகிலவாணி முடிவு செய்தாள். பாமாவிடம் காரணத்தைச் சொல்ல முடியவில்லை. அவள் வாயில் எதுவும் நிற்காது. இல்லத்து நர்ஸ் காதுக்குப் போனால் மருந்துதான். அவரு பட்டது போதும் பாமா என்று மட்டும் சொன்னாள். பாமா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூணு வருசம் இல்லாத அக்கறை இப்ப எங்கிருந்து வந்துச்சுங்க அண்ணி? உங்களுக்கு வேற ஏதாச்சும் ரோசனை இருந்தாச் சொல்லீருங்க."

அந்தப் பேச்சையும் கோகிலவாணி வாங்கிக்கொண்டாள்.

கடைசி நாளில் ஸ்டூலைத் தள்ளிவிட்டுக் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்தாள். அவர் காதோரம் குனிந்து, "எல்லாச் சத்தமும் நின்னுருமுங்க, கொஞ்ச நேரந்தான்," என்றாள். நர்ஸ் இயந்திரத்தை நிறுத்தினாள். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் மார்பு அசைவது நின்றது. பாமா சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கருமாதி முடிந்து வேலைக்கு வந்த அன்று, பழக்க தோஷத்தில் கோட்டைத் திறந்தாள். நிரலை நிறுத்த மறந்திருந்தாள். கோடு ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு வேறு யாரையாவது கொண்டுவந்திருப்பார்கள், எண் அதே எண்தானே என்று நினைத்தாள். பின்னால் நகர்த்திப் பார்த்தாள். மகுடேஸ்வரனின் மூச்சு நின்ற நேரத்தில் கோடு நிற்கவில்லை. ஒரு புள்ளிகூட விட்டுப்போகவில்லை. மறுநாள், அவரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டு வந்த சாயங்காலம், ஐந்து மணிக்கு மேடு எழுந்திருந்தது.

கொஞ்ச நேரம் அவளுக்குத் திரையே தெரியவில்லை. பிறகு பாமாவுக்குப் போன் போட்டு, எனக்குக் காய்ச்சல் வந்த அந்த வெள்ளிக்கிழமை நீ இல்லத்துக்குப் போனாயா என்று கேட்டாள். இப்போது எதற்கு அது என்று பாமா இழுத்தாள். அவள் விடவில்லை.

"போகலீங்க அண்ணி. மழை ஊத்துச்சு. போகலைன்னா திட்டுவீங்கன்னு போனேன்னு சொல்லீட்டேன். ஒரு நாள்தானேன்னு நெனச்சேன்."

ஒரு நாள்தான். கோகிலவாணி அவளைத் திட்டவில்லை. போனை வைத்துவிட்டு ஜாபரிடம் போனாள். இந்த முறை ஒளிக்காமல் எண்ணைச் சொல்லி, போத்தனூரிலிருந்து போகும் வழித்தடத்தில் வரும் இந்த முகவரி எந்த இல்லம் என்று கேட்டாள்.

ஜாபர் தட்டிப் பார்த்தான். "இது தூத்துக்குடிங்கக்கா."

"நம்மூர் இணைப்பு தூத்துக்குடிக்கு எதுக்குப் போகுது?"

"எங்க எடம் காலியா இருக்குதோ அங்க போகுமுங்க. பக்கத்துல இருக்கறது வழியாத்தான் போகோணும்னு ஒண்ணும் இல்ல. எல்லா இல்லத்துக்கும் ஒரே அச்சுல நெம்பர் போட்டு வச்சிருக்கறோம், வார்டு, கட்டில்னு. பத்துல ஆரம்பிக்கிறது தனி முகவரிதானுங்களே, எத்தனை ஊருல இருந்தாலும் ஒண்ணோட ஒண்ணு முட்டாது." அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "உங்களுக்குத் தெரியாததா? நீங்கதான நாலாம் நெம்பர் வீடுன்னு எல்லார்கிட்டயும் அழகாச் சொல்வீங்க."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஜாபருக்கு ஏதோ புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, அண்ணனுடைய கணு வேறு ஏதோ வழித்தடத்தில் இருந்திருக்கும், அதன் பழைய கோடு சர்வரில் இருக்கிறது, எடுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டான். மூன்று வருடக் கோடு. அது சமதரையாக இருந்தால் அவர் எப்போதோ போய்விட்டவர். அவள் பேசியது எதுவும் யாருக்கும் கேட்டிருக்காது. மேடு இருந்தால், அது எந்த நேரத்து மேடு, எதற்கு எழுந்த மேடு என்று பார்க்க வேண்டியிருக்கும். கடைசி நாளையும் பார்க்க வேண்டியிருக்கும்.

"வேண்டாம் ஜாபர்," என்றாள்.

நாலு மணிக்கு ஷிப்ட் முடிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை. ஐந்து மணிக்குப் போவதற்கு அவளுக்கு இனி இடமில்லை. கோடு சமதரையாக ஓடியது. ஐந்து அடித்து, மேடு எழத் தொடங்கியதும் தூத்துக்குடி இல்லத்தின் நான்காம் வார்டுக்குப் போன் போட்டு, இருபத்து மூன்றாம் கட்டிலுக்கு வந்திருப்பவரிடம் கொஞ்சம் பேச வேண்டும் என்றாள். கம்பெனிக் குரல் என்பதால் நர்ஸ் எதுவும் கேட்காமல் போனைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"அலோ, யாரு பேசுதிய?" என்றது ஓர் ஆண் குரல். கோடு ஒரு எட்டு மேலே ஏறியது.

பெயர் பர்னபாஸ், உப்பு லாரி டிரைவர். படுத்திருப்பது அவர் மனைவி செலின். தினமும் என்ன பேசுவீர்கள் என்று இவள் கேட்டதற்கு அவர் கூச்சப்பட்டார்.

"என்னத்தப் பேச? சாள மீன் கொழம்பு வச்சேன், உப்பு கூடிப்போச்சின்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். உப்பு லாரிக்காரன் வீட்டுல உப்புக்கா பஞ்சம்னு அவ கேலி பண்ணுவா. இனி அதுவும் இல்ல. மவ மஸ்கட்டுல இருந்து கூப்பிடுதா. போயிரலாம்னு இருக்கேன். இங்க இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்?"

அவர் பேசப் பேசக் கோடு இறங்கவில்லை. பேச்சை நிறுத்தினால் இறங்கியது. கோகிலவாணி திரைக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"அவங்க பேரை ஒருக்காச் சத்தமாச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"சொல்லுங்களே."

"செலினு," என்றார் அவர்.

திரையில் அதுவரை அவள் பார்க்காத உயரத்துக்குக் கோடு எழுந்தது.

"அவங்களுக்குக் கேக்குதுங்க," என்றாள் கோகிலவாணி. "நீங்க பேசறது அத்தனையும் கேக்குது. டாக்டர்கிட்ட மட்டும் சொல்லீராதீங்க, மருந்தக் கூட்டிருவாங்க. வர்றத நிறுத்தீராதீங்க."

போனில் இல்லாமல் வேறு பக்கம் திரும்பி, "ஏட்டி, கேக்குதாட்டி?" என்று அவர் கேட்பது கேட்டது. கோடு அந்த உயரத்திலேயே நின்றது. திரும்பி வந்தபோது அவர் குரல் உடைந்திருந்தது. இது உங்களுக்கு எப்படியம்மா தெரியும் என்றார்.

"எங்க வீட்டுக்காரரும் இருபத்து மூணாம் கட்டில்தானுங்க. இங்க, கோயம்புத்தூர்ல." அவள் கோட்டிலிருந்து கண்ணை எடுத்தாள். "நான் பேசுனதெல்லாம் அவருக்குக் கேட்டுச்சுங்க."

"இப்ப எப்பிடி இருக்காவ?"

"நல்லாத் தூங்கறாருங்க. நீங்க அவங்ககிட்டப் பேசுங்க, நான் வெச்சர்றேன்."

ஹெட்போனை அவிழ்ப்பதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது. போத்தனூர் ஜெசிந்தா. வைஃபை பெட்டியையே புதிதாக மாற்றிவிட்டாளாம், அப்படியும் ஐந்து மணிக்கு இழுக்கிறதாம். இன்றைக்கும் ஒரு பிள்ளை நேரம் போய்த் தோற்றுவிட்டு அழுகிறான். இதற்கு மேல் தலைமை அலுவலகத்துக்கு எழுதாமல் வேறு வழியில்லை என்றாள்.

"வகுப்பை ஆறு மணிக்கு மாத்திக்க முடியுமாங்க?" என்று கேட்டாள் கோகிலவாணி.

ஜெசிந்தாவுக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. "பணம் கட்டறது நானு. எதுக்கு மாத்தோணும்?"

கோகிலவாணிக்கு எப்போதும் சொல்லும் பதில் வாய்வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"அஞ்சு மணிக்கு அங்க ஒருத்தர் பேசீட்டு இருக்கறாருங்க," என்றாள்.